இல்லாத கல்லுக்கு வாழைத்தண்டுச் சாறு

கருவைக் கருப்பையில் வைத்த பிறகு, அது ஒட்டிக்கொண்டதா இல்லையா என்பதை அறிய இரத்தம் எடுக்கும் நாள்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பின் நடுவில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். முடிவு தெரிந்த பின் எழுதுவது எனக்கு ஒத்துவராது. நல்ல முடிவாயின் பட்டதையெல்லாம் மறந்து எழுதுவேன். மற்றபடியாயின் எழுதவே மாட்டேன். பெரம்பலூரில் அந்த மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் என்னருகே அமர்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்த பெண்களுக்குத்தான் முதலில் இது போய்ச் சேர வேண்டும்.

நான் அரியலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. பெயர் கயல்விழி. கணவர் செந்தில், சிமெண்ட் ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் சுண்ணாம்புக்கல்லின் தரத்தைச் சோதிக்கும் பணியில் இருக்கிறார். வீட்டில் எங்களோடு இருப்பவர் அவருடைய தாயார், என் அத்தை. மணமாகி ஏழாண்டுகள் ஆகின்றன. ஏழாண்டுகளாகத் திருமண வீடுகளிலும் காதணி விழாக்களிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே. அதை இங்கே திரும்ப எழுதத் தேவையில்லை, கேட்கப்பட்டவர்களுக்குத் தெரியும்.

நோய் இன்னதென்று அறிவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. எனக்குப் பல சோதனைகள் செய்தார்கள். எல்லாம் சரியாக இருந்தன. செந்திலுக்கு ஒரே ஒரு சோதனை செய்தார்கள். விந்தணுக்களின் எண்ணிக்கை குறைவு. இருப்பவற்றுள்ளும் நீந்திச் செல்லும் வலிமை உடையவை மிகக் குறைவு என்று மருத்துவர் சொன்னார். அதற்கான வழியையும் சொன்னார். மாதந்தோறும் சூலகத்தில் ஒரு முட்டை முதிர்வது இயற்கை. ஊசி மருந்தால் ஒரே சமயத்தில் பல முட்டைகளை முதிரச் செய்து, மயக்க மருந்து கொடுத்து அவற்றை ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள். நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு விந்தணுவைச் செலுத்துவார்கள். இதற்கு இக்சி என்று பெயர். கரு உருவானால் சில நாட்கள் ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் கருப்பையில் வைப்பார்கள். மிச்சமிருந்தால் உறைய வைத்துப் பாதுகாப்பார்கள்.

ஆக, குறை அவர் உடம்பில். மருத்துவம் என் உடம்புக்கு. இதை நான் குற்றச்சாட்டாக எழுதவில்லை. அந்த வைத்தியத்தின் அமைப்பே அப்படித்தான். ஆனால் அந்த அமைப்புக்குள் ஒரு பொய்யையும் வைத்துக் கட்டியவர்கள் நாங்கள்.

அந்த மருத்துவமனையில் முதல் மாடி சிறுநீரகப் பிரிவு; இரண்டாம் மாடி எங்களுடையது. மின்தூக்கியில் ஏறும் தம்பதியர் இரண்டு என்னும் பொத்தானை அழுத்துவதில்லை. உடன் வருபவர் பார்த்துவிடுவாரே என்று முதல் மாடியில் இறங்கி, மீதியைப் படியேறிக் கடப்பார்கள். அந்தப் படிக்கட்டில் எந்நேரமும் ஆள் நடமாட்டம் இருக்கும். எதிரே வருபவரும் நம்மைப் போலத்தான் என்று தெரியும். ஆயினும் கண்ணுயர்த்த மாட்டார்கள்.

ஒருநாள் நாங்கள் முதல் மாடியில் இறங்கியபோது, எதிரே செந்துறை மாமா நின்றார். அத்தையின் தம்பி. சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வந்தவர், தெரிந்தவர் ஒருவரைப் பார்க்க மேலே வந்திருக்கிறார்.

"என்னா மாப்ள, இந்தப் பக்கம்?" என்றார்.

செந்தில் சுவரில் இருந்த பெயர்ப்பலகையைப் பார்த்தார். "கல்லு மாமா," என்றார்.

"எங்க?"

"வலது பக்கம்."

மாமா சிரித்தார். "பகல்பூரா ஆலையில கல்லு, ராத்திரிக்கு வயித்துலயும் கல்லா? அரியலூர்ல பொறந்தா வேற என்னடா மொளைக்கும்."

நாங்கள் ஊர் திரும்பும் முன்பே செய்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வாசலிலேயே அத்தை கேட்டார்: "ஏன்டா, வலியப் பல்லக் கடிச்சிகிட்டு எங்கிட்ட மறைச்சியா?"

அந்த இடத்தில் மறுத்திருக்கலாம். ஆனால் பெரம்பலூருக்கு அடிக்கடி போய்வர ஒரு காரணம் எங்களுக்குத் தேவையாக இருந்தது. கல் கௌரவமான நோய். ஆண்கள் வெளியில் சொல்லிக்கொள்ளக்கூடியது. எவ்வளவு பெரிது என்று அத்தை கேட்டபோது செந்தில் மில்லிமீட்டரில் அளவு சொன்னார். ஆய்வுக்கூடத்துக்காரர் ஆதலால் தசமப் புள்ளியும் சேர்த்துச் சொன்னார்.

அன்று முதல் எங்கள் வீடு மருத்துவமனை ஆயிற்று. விடியலில் வாழைத்தண்டுச் சாறு. மாலையில் சிறுபீளைக் குடிநீர். பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறோமே, அந்தச் செடிதான். செந்துறைப் பக்கத்துத் தரிசில் நிறையக் கிடைக்கிறது என்று மாமா கட்டுக்கட்டாகப் பேருந்தில் கொடுத்தனுப்புவார். வாரத்தில் பாதி நாள் கொள்ளு ரசம். தக்காளியின் விதை கல்லை வளர்க்கும் என்று யாரோ சொன்னதால், தக்காளி எங்கள் வீட்டுக்குள் நுழையவில்லை. பக்கத்து வீட்டார் நலம் விசாரித்தார்கள். ஆலையில் உடன் பணிபுரிபவர்கள் இளநீர் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள். செந்தில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து எல்லோருக்கும் வலியை விவரித்தார். முதலில் திணறினார், பிறகு நன்றாகவே விவரித்தார்.

வாழைத்தண்டு அரியும் வேலை என்னுடையது. வில்லை வில்லையாக நறுக்கும்போது இழுபடும் நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். ஊசி மருந்தால் சூலகம் வீங்கியிருந்த நாட்களில் என்னால் நிமிர்ந்து உட்கார இயலவில்லை. அடிவயிற்றில் ஈரத்துணியை முறுக்கி வைத்தாற்போல் ஒரு கனம் இருந்தது. அந்தக் கனத்தோடு அடுக்களையில் அமர்ந்து, நோயில்லாதவருக்கு மருந்து அரிந்தேன்.

ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முட்டை முதிர்வதற்கான மருந்தை நாள்தோறும் ஒரே நேரத்தில் அடிவயிற்றுத் தோலுக்கடியில் போட வேண்டும். அதைக் குளிரில் வைத்திருக்க வேண்டும். குளிர்பெட்டியில் மருந்தைக் கண்ட அத்தை, அது யாருக்கு என்று கேட்கவில்லை. வீட்டில் நோயாளி ஒருவர்தானே. கல்லைக் கரைக்க ஊசி என்று அவரே முடிவு செய்துகொண்டார். போடுபவள் நான் என்றும் முடிவு செய்தார். படித்த மருமகள் அல்லவா.

அறைக்கதவைத் தாழிட்டுக்கொள்வோம். நான் கட்டிலில் படுத்துச் சேலையை விலக்கிக்கொள்வேன். செந்தில் செவிலியரிடம் கற்றுக்கொண்டபடி தோலைக் கிள்ளிப் பிடித்து ஊசியை இறக்குவார். கதவுக்கு வெளியே அத்தையின் குரல் கேட்கும்.

"கயலு, மெதுவாப் போடும்மா. சின்னப் புள்ளையிலேந்தே அவனுக்கு ஊசின்னா பயம்."

"சரிங்க அத்தை," என்று படுத்தபடியே சொல்வேன். குரல் நடுங்காமல் சொல்ல வேண்டும்.

ஒருநாள் மருந்து உள்ளே இறங்கும்போது எரிச்சல் தாளாமல் என் வாயிலிருந்து ஓர் ஒலி வந்துவிட்டது. செந்தில் உடனே அதைவிட உரக்க முனகினார்.

"பாத்தியா, வலிக்குது அவனுக்கு," என்றார் அத்தை வெளியிலிருந்து.

என் வலிக்கு அவர் முனகினார். ஆறுதல் அவருக்குக் கிடைத்தது. அன்று இருவருமே சிரித்தோம். சிரித்து முடித்தபின், தாழிட்ட கதவைப் பார்த்தேன். கதவைத் திறந்தால் நான் நலமானவள், மூடினால் நோயாளி. இரண்டுக்கும் நடுவே நிற்க ஓரிடம் இல்லை.

முட்டை எடுத்த நாளில் மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது, நெற்றியில் கைவைத்து "முடிஞ்சிடுச்சு அக்கா" என்ற செவிலியப் பெண்ணின் குரலைக் கேட்டு அழுதேன். வலியால் அல்ல. பல வாரங்களுக்குப் பின் ஒருவர் என் நெற்றியைத் தொட்டிருக்கிறார். அன்று மாலையே வீடு திரும்பினோம். கார் வைத்துக்கொண்டு வந்ததற்கும், செந்தில் என்னைத் தாங்கி இறக்கியதற்கும் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. பேருந்தில் தலைசுற்றல் வந்துவிட்டது என்றேன். "அவனுக்கு ஒத்தாசையாப் போன நீயே வுழுந்தா எப்புடி?" என்றார் அத்தை. கடுமையாகச் சொல்லவில்லை. என் கையில் எலுமிச்சைச் சாற்றைக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார். அன்பு குறைவாக இருந்த வீடன்று எங்கள் வீடு. அன்பைத் தவறான முகவரிக்குத் திருப்பிவிட்டிருந்தோம்.

சில நாட்களில் ஒரு கருவை வைத்தார்கள். இரண்டை உறைய வைத்தார்கள். அதன்பின் வேறு ஊசி. எண்ணெயில் கரைத்த கெட்டியான மருந்து. கருப்பையின் உட்சுவரைத் தாங்கி நிறுத்துவது. இடுப்பின் பக்கவாட்டில் ஆழமாகப் போட வேண்டும். போட்ட இடமெல்லாம் கட்டிகட்டியாக நின்றது. வகுப்பில் நாற்காலியில் அமராமல் நின்றபடியே பாடம் நடத்தினேன். "டீச்சர் செம ஸ்ட்ரிக்டு, உக்காரவே மாட்டேங்குறாங்க" என்று மாணவிகள் பேசிக்கொண்டார்கள்.

அந்தச் சிகிச்சைக்கூடத்தில் உளவியல் ஆலோசகர் ஒருவர் இருந்தார். நிர்மலா என்று பெயர். திருச்சியிலிருந்து வாரத்தில் இரு நாள் வருவார். சிகிச்சை தொடங்குமுன் எல்லாத் தம்பதியரும் அவரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது அங்கே முறை. அந்த முதற்சந்திப்பில் நாங்கள் இருவரும் நேர்காணலுக்கு வந்தவர்களைப் போல அமர்ந்து, எல்லாவற்றுக்கும் நல்ல விடை சொன்னோம். பயம் இருக்கிறதா? இல்லை. வீட்டில் ஆதரவு உண்டா? உண்டு. யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது. கடைசி இரண்டு விடைகளும் எப்படி ஒன்றாக இருக்கும் என்று அவர் கேட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

எழுமுன் அவர் ஒன்று சொன்னார். "ரிசல்ட் வர்ற நாள இப்பவே திட்டம் போட்டு வச்சுக்குங்க. போன எங்க இருந்து எடுக்கப் போறீங்க, பக்கத்துல யாரு இருப்பா, எடுத்தப்புறம் எங்க போவீங்க. ஸ்கூல்லயோ ஆலையிலயோ வச்சு எடுக்காதீங்க. ரெண்டு பேரும் ஒண்ணா இருங்க."

தலையாட்டினோம். நாங்கள் எந்தத் திட்டமும் போடவில்லை.

முடிவு வந்தபோது நான் ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அழைப்பு செந்திலின் எண்ணுக்குப் போயிருந்தது. அவர் எனக்கு "இல்லை" என்று ஒற்றைச் சொல்லை அனுப்பினார். அதை வாசித்துவிட்டு, கையிலிருந்த தாளைத் திருத்தி முடித்தேன். அடுத்த பாடவேளைக்குப் போனேன். என்ன நடத்தினேன் என்பது நினைவில்லை.

மாலையில் வீட்டுக்குள் நுழைந்தபோது நெய்யில் முந்திரி வறுபடும் மணம் வந்தது. அடுக்களையில் பாயசம் கொதித்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் டம்ளரோடு நின்றார்கள். அத்தை என்னைக் கண்டதும் என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உம் புருசனுக்குக் கல்லு வுழுந்துடுச்சி கயலு."

நடந்தது இதுதான். செந்தில் ஆலையிலிருந்து பாதியில் வந்திருக்கிறார். கண் சிவந்து, முகம் வீங்கி வந்து நின்ற மகனைக் கண்டு அத்தை பதறியிருக்கிறார். என்னடா ஆச்சு என்று உலுக்கியிருக்கிறார். ஏதாவது சொல்லியாக வேண்டும். கல் வெளியே வந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். அதோடு அந்தப் பொய்யும் முடிந்துபோகட்டும் என்று நினைத்திருக்கிறார். கல் இறங்கும்போது ஆண்பிள்ளைகளே கதறுவார்கள் என்பது ஊரறிந்தது. ஆதலால் அவர் அழுததை யாரும் ஐயுறவில்லை. சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து விசிறிக்கொண்டிருந்தார்கள்.

நான் பாயசத்தை டம்ளர்களில் ஊற்றினேன். ஐந்தாறு வீடுகளுக்கு எடுத்துச் சென்று கொடுத்தேன். "முகமே மலர்ந்துடுச்சே ஒனக்கு" என்றார் ஒரு வீட்டில். என் பங்கையும் குடித்தேன். இனித்தது. அது இனித்ததை இன்றுவரை என்னால் மன்னிக்க இயலவில்லை.

அந்தச் சனிக்கிழமை அத்தை கல்லங்குறிச்சிக்குப் போனார். மகனுக்குக் கல் கரைந்தால் மரக்காலால் நெல் அளந்து தருவதாகப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டிருந்தாராம். மாமாவும் செந்திலும் மூட்டையோடு உடன் சென்றார்கள். எனக்கு உதிரப்போக்குத் தொடங்கியிருந்தது. ஆதலால் கோயிலுக்கு வர இயலாது என்றேன். அத்தை ஒரு கணம் என்னைப் பார்த்தார். "இந்த மாசமும் ஆயிட்டியா," என்றார். பிறகு மூட்டையைச் சுமப்பதற்கு ஆள் பார்க்கப் போய்விட்டார். வீட்டில் தனியே இருந்து, திரும்பி வருபவர்களுக்குச் சோறு வடித்து வைத்தேன். குளியலறையில் போனது வெறும் மாதவிலக்கு என்று உலகுக்குத் தெரியும். அது என்னவென்று எனக்குத் தெரியும்.

மறுவாரம் நிர்மலா மேடத்தை நாங்களாகவே கேட்டுச் சந்தித்தோம். பாயசக் கதையைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. நான் சிரித்து ஓயும்வரை காத்திருந்தார். பிறகு செந்திலிடம் திரும்பினார்.

"சார், இந்தக் கல்லுக்காக உங்கள வந்து பாத்தவங்க யார் யாரு?"

செந்தில் மாமாவைச் சொன்னார், ஆலை நண்பர்களைச் சொன்னார், தெருவைச் சொன்னார்.

"மேடத்த?"

செந்தில் என்னைப் பார்த்தார்.

"ஒரு சாவுன்னா நாலு பேரு வந்து உக்காருவாங்க," என்றார் நிர்மலா மேடம். "இதுல யாரும் வர மாட்டாங்க. ஏன்னா என்ன போச்சுன்னு யாருக்கும் தெரியாது. நீங்க ரெண்டு பேருமாவது ஒருத்தருக்கொருத்தர் வந்தீங்களா?"

நாங்கள் வரவில்லை. இதை அவர் எங்களிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். நான் துவண்டால் செந்தில் உடைந்துவிடுவார் என்று நான் முகத்தைச் சிரித்தபடி வைத்திருந்தேன். எனக்கு எதுவும் உறைக்கவில்லை என்று அவர் எண்ணினார். பேசினால் எனக்கு வலிக்கும் என்று அவர் வாய் மூடியிருந்தார். அவருக்கு அக்கறை இல்லை என்று நான் எண்ணினேன். இப்படி ஒருவரையொருவர் காக்கப்போய்த் தனியே விடுவது இந்தச் சிகிச்சையில் மிகப்பல தம்பதியர்க்கு நேர்வது என்றும், அது மனநோய் அன்று என்றும் நிர்மலா மேடம் சொன்னார். மாலைத் தேநீருக்குப் பின் சிறிது நேரத்தை இதைப் பேசுவதற்கென்றே ஒதுக்கச் சொன்னார். அந்த நேரத்தில் எதையும் பேசலாம், அழலாம். நேரம் முடிந்தால் வேறு பேச்சுக்குப் போய்விட வேண்டும். நாள் முழுவதையும் இது தின்றுவிடாமல் இருக்க ஒரு வேலி அது என்றார்.

பிறகு, "வூட்டுல ஒருத்தருக்காவது தெரியணும்னு தோணுதா?" என்று என்னிடம் கேட்டார்.

அதுவரை எனக்கே தெரியாமல் உள்ளே கிடந்தது அப்போது வெளியே வந்தது.

"இவருக்கு இல்லாத கல்லுக்கு ஒரு வூடே வேலை செஞ்சுது மேடம். எனக்கு ஒரு டம்ளர் வெந்நி வச்சித் தர ஆள் இல்ல." செந்திலைப் பார்த்தேன். "அத்தைகிட்ட நீங்க சொல்லணும். கொறை யாருகிட்டங்கிறதயும் சேத்துச் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்ற வரைக்கும் நான் கரு வைக்கிற அந்த மேசையில ஏறிப் படுக்கப்போறதில்ல."

செந்தில் தரையைப் பார்த்தார். "அம்மா தாங்க மாட்டாங்க கயலு," என்றார்.

"அம்மா தாங்குவாங்களா மாட்டாங்களாங்கிறது அம்மாவோட விஷயம்," என்றார் நிர்மலா மேடம். "நீங்க தாங்குவீங்களா சார்?"

உறைய வைத்த கருக்கள் இரண்டும் அந்தக் கட்டடத்தில் இருந்தன. நான் போட்ட நிபந்தனையில் நானே மாட்டிக்கொண்டேன். வாரங்கள் போயின. மாலைத் தேநீர் நேரத்தில் நாங்கள் பேசினோம். மற்ற எல்லாவற்றையும் பேசினோம். மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரும்போது செந்தில் என்னைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன், அழைப்பு ஓய்ந்துவிடும். சில நாள் நள்ளிரவில் இல்லை, பட்டப்பகலில், வகுப்பின் நடுவில், என் வீம்பால் அந்த இரண்டும் வீணாகிவிடுமோ என்று பாடத்தைப் பாதியில் நிறுத்திவிடுவேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மறுபடியும் அந்த அறைக்குள் தாழிட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை முறத்தில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தார். "கல்லு போனாலும் வாரத்துல ஒருநா கொள்ளு வச்சிக்கணும்டா. மறுபடி சேரும்," என்றார். செந்தில் அவரெதிரே தரையில் அமர்ந்தார். நான் அடுக்களை வாயிலில் நின்றேன்.

"கொள்ளு வேணாம்மா."

"ஏன்டா, சூடா?"

"கல்லே இல்லம்மா. எப்பவும் இருந்ததில்ல." முறத்தைப் பார்த்தே சொன்னார். "பெரம்பலூருக்குப் புள்ளைக்கு வைத்தியம் பாக்கப் போனோம். கொறை எங்கிட்டதாம்மா. கயலுகிட்ட ஒண்ணும் இல்ல. வயித்துல, இடுப்புலன்னு ஊசியெல்லாம் அவளுக்குத்தான்."

முறம் நின்றது.

"அப்ப, அந்த ரூமுக்குள்ள..."

"அவளுக்குத்தான். நாந்தான் போட்டேன்."

"வெளிய நின்னுகிட்டு மெதுவாப் போடு, மெதுவாப் போடுன்னு சொன்னனே."

"கேட்டுச்சும்மா. மெதுவாத்தான் போட்டேன்."

அத்தை என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. அவருக்கு முதலில் வந்தது சினம். "செந்துறையிலேந்து பொதி பொதியா வரவச்சனே. போவட்டும். பெருமாளுக்கு நெல்லு அளந்துட்டு வந்தேனேடா. இல்லாத கல்லு கரைஞ்சதுக்கு அவருகிட்டப் போயி நன்றி சொல்ல வச்சிட்டீங்களே ரெண்டு பேரும்." முறத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

சில நாட்கள் அவர் எங்களோடு பேசவில்லை. சமைத்து வைப்பார், பரிமாற மாட்டார். செந்தில் சாய்வு நாற்காலியில் உட்காருவதை நிறுத்திவிட்டார். நான் எதிர்பார்த்த விடுதலை வரவில்லை; வீடு இன்னும் சிறுத்தது. மூன்று பேருக்கும் உண்மை தெரிந்த வீட்டில் ஒருவர் மற்றவர் கண்ணில் படாமல் நடமாடினோம்.

ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தபோது இரவுச் சமையலில் தக்காளி ரசம் இருந்தது. சாப்பிட்டுக் கை கழுவும்போது அத்தை சுவரைப் பார்த்துப் பேசினார்.

"அளந்த நெல்லு அளந்ததுதான். திருப்பிக் கேக்க முடியாது. எதுக்குன்னு அவரே வச்சிக்கட்டும்." பிறகு, "இடுப்புல இன்னமும் கட்டி நிக்குதா?" என்றார்.

"கொஞ்சம் இருக்கு அத்தை."

உப்பை வறுத்துத் துணியில் முடிந்து கொண்டுவந்தார். என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார். ஒத்தடம் கொடுத்தார். சூடு அதிகமாகத்தான் இருந்தது. நான் சொல்லவில்லை.

உறைந்த கருவை வைப்பதற்கு நாள் குறித்தபோது, "நானும் வரேன்," என்றார் அத்தை. மின்தூக்கியில் செந்தில் வழக்கம்போல் ஒன்றை அழுத்தப் போனார். அத்தை பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"ஏன்டா, ரெண்டுன்னுல்ல போட்டிருக்கு?"

"ஒண்ணுல எறங்கி நடந்துடுவோம்மா."

"முட்டி வலியில நான் ஏன்டா நடக்கணும்?" என்று சொல்லி அவரே இரண்டை அழுத்தினார். உடன் நின்றிருந்த இளந்தம்பதியர் தாங்களும் ஒன்றை அழுத்த நீட்டியிருந்த விரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். கதவு இரண்டாம் மாடியில் திறந்தது. அவர்களும் எங்களோடு இறங்கினார்கள்.

கருவை வைக்கும் முறை எளிது. மயக்க மருந்து இல்லை. சிறுநீர்ப்பை நிறையும்வரை நீர் குடிக்கச் சொல்வார்கள். மெல்லிய குழாய் ஒன்றைக் கருப்பைக்குள் செலுத்துவார்கள். திரையில் ஒரு வெண்புள்ளி மினுங்கும். அது கரு அன்று. அதைச் சுமந்துவந்த நீர்த்துளியும் காற்றும்தான் என்று மருத்துவர் விளக்கினார். ஆனாலும் புள்ளியைப் பார்த்தேன். செந்தில் என் கையைப் பிடித்திருந்தார். வெளியே அத்தை, பக்கத்திலிருந்த பெண்ணிடம் அவள் ஊரை விசாரித்துக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அந்தக் கூடத்தில் ஊர்ப் பெயரைக் கேட்டவரும் சொன்னவரும் நான் அறிய அவர்களே முதல்வர்.

கீழே இறங்கி மருந்தகத்தின் முன் நின்றபோது, மாத்திரைப் பையோடு செந்துறை மாமா வந்தார்.

"யக்கா, நீ எங்க இங்க?"

செந்தில் வாய் திறந்தார். அத்தை முந்திக்கொண்டார்.

"கல்லுடா. எனக்கு."

மாமா மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மவன் வுட்டத அம்மா புடிச்சிகிட்டியா? வூடா குவாரியா அது?"

"சிரிக்காதடா, வலிக்குது," என்று அத்தை இடப்பக்கம் கையை வைத்துக்கொண்டார்.

 வரும் வழியில் நான் கேட்டேன்: "ஏன் அத்தை அப்புடிச் சொன்னீங்க?" அவர் சன்னலுக்கு வெளியே முந்திரித் தோப்புகளைப் பார்த்தபடி, "அவன்கிட்டச் சொன்னா செந்துறைக்கே சொன்ன மாதிரி. யாருக்குச் சொல்லணுங்கிறத நீ சொல்லு, அப்பச் சொல்றேன்," என்றார். இதையேதான் நிர்மலா மேடமும் வேறு சொற்களில் எனக்குச் சொல்லியிருந்தார்.

பொய் எங்களை விட்டுப் போகவில்லை. ஆள் மாறி உட்கார்ந்திருக்கிறது. இரத்தம் எடுக்கும் நாள் இன்னும் வரவில்லை. அந்த நாளுக்கு இம்முறை திட்டம் இருக்கிறது. இருவரும் விடுப்பு எடுக்கிறோம். அழைப்பை வீட்டுக் கூடத்தில், மூவரும் இருந்து கேட்கிறோம். இல்லையென்றால் அழுவதற்கு ஆளுக்கோர் இடம் தேட வேண்டியதில்லை. அடுப்பில் பாயசம் ஏறாது. அச்சம் குறைந்ததா என்று கேட்டால், குறையவில்லை. அந்த நாளை நோக்கித் திரும்ப வழியில்லாத ஒரு நடையில் போய்க்கொண்டிருக்கிறேன். ஆனால் இடுப்பில் போடும் ஊசிக்கு இப்போது கதவைத் தாழிடுவதில்லை.

இன்று காலை மாமா தாமே வண்டியில் வந்தார். பின்னால் கட்டியிருந்த நீண்ட வாழைத்தண்டையும் சிறுபீளைக் கட்டையும் இறக்கி வைத்துவிட்டு, அக்கா குடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் போவதாகக் கூடத்தில் அமர்ந்துகொண்டார். செந்தில் அடுக்களைத் தரையில் அமர்ந்து தண்டை அரிந்தார். நாரை விரலில் சுற்ற அவருக்குத் தெரியவில்லை. பிசிறு பிசிறாக அறுந்தது. நான் கைவைக்காமல், அடுக்களை வாயிலில் போட்ட சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாறு நிறைந்த டம்ளரை அத்தை வாங்கினார். ஒரு வாய் குடித்ததும் முகம் சுருங்கிற்று. மாமாவுக்குக் கேட்காதபடி மகன் பக்கம் குனிந்தார்.

"எப்புடிடா இத்தன மாசம் இதக் குடிச்ச?"

"டம்ளர் காலியாவுற வரைக்கும் பக்கத்துலயே நின்னியேம்மா," என்றார் செந்தில்.

கூடத்திலிருந்து மாமா எட்டிப் பார்த்தார். அத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் குடித்தார்.